தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் அரசின் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகளுக்கு முன் ஒரு கூரைக் கொட்டகையில் மாலை நேரப் படிப்பகமாகத் தொடங்கிய கழகம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இம்மேடையில் பேச என்னை அழைத்த செயலாளர் அவர்கள், தகவல் தொழில்நுட்பக் கொள்கையை நடைமுறைப்படுத்துவதில் அரசின் பங்கு என்னும் தலைப்பைத் தந்தார்கள். இது பொறியியற் கல்லூரி மேடைக்கு உரிய பொருளாயிற்றே, கல்வி உதவித்தொகைக்கும் விடுதி இடத்துக்கும் அலைந்து கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதனால் ஆவது என்ன என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எனக்கும் முதலில் அவ்வெண்ணமே தோன்றிற்று. பின்னர் நினைத்துப் பார்த்தேன். அந்த உதவித்தொகைக்கும் விடுதி இடத்துக்கும் போகின்ற பாதையே இன்று கணிப்பொறியின் ஊடாகத்தான் போகிறது. பாதையைப் பற்றிப் பேசாமல் ஊரைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை.

கொள்கை அறிவிக்கப்படுவது வேறு, அது நடைமுறைக்கு வருவது வேறு என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் இந்நாட்டில் எவரும் இலர். 1924-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னைச் சட்ட மன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானத்தைக் கொண்டு வந்தார்கள். பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுக் காரியங்கள் நடைபெறும் கட்டடம் ஆகிய எவற்றிலும் ஏனையோரைப் போலவே ஒடுக்கப்பட்ட வகுப்பாரும் நுழையலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறிற்று. அரசும் ஆணை பிறப்பித்தது. ஆயினும் அதன் பின்னர் எத்தனை ஊர்களில், எத்தனை ஆண்டுகள், நம் பாட்டிமார்கள் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு எவராவது இரங்கி இறைத்து ஊற்றுவார்களா என்று காத்து நின்றார்கள்! பம்பாய் மாகாணத்திலும் இதே கதைதான். பொதுக் குளங்களைத் திறந்துவிடும் தீர்மானம் 1923-லேயே அங்குள்ள சட்ட மன்றத்தில் நிறைவேறியது. மகாடு நகராட்சியும் அதனை ஏற்றுக்கொண்டது. எனினும் 1927 மார்ச்சு 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்று சவுதார் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருக வேண்டியிருந்தது.

அந்த 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் ஒரு சொற்றொடரை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்: பொதுக் காரியங்கள் நடைபெறும் கட்டடம். இன்று அந்தக் கட்டடம் எது? வட்டாட்சியர் அலுவலகத்தின் மூலையில் இருக்கும் இ-சேவை மையம் அது. கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருக்கும் கணிப்பொறி அது. உங்கள் கையிலுள்ள கைப்பேசியில் திறக்கும் இணையப் பக்கமும் அதுவே.

இத்துறையில் அரசு செய்தவற்றை ஒரு முறை விரைவாகப் பார்ப்போம். 1977-இல் எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணுக் கழகம் ஏற்படுத்தப்பட்டது. 1984-இல் மத்திய அரசு புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்தது. தமிழ்நாடு அரசு தனக்கெனத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையை 1997-இல் வெளியிட்டது. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. 2006-இல் தேசிய மின்னாளுமைத் திட்டம் வந்தது. 2011-இல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கினார்கள். இவற்றைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அரசு ஒன்றே செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. அவற்றை அரசு செய்தும் இருக்கிறது. சான்றாக, தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறியில் பதிப்பதற்கு ஆளுக்கொரு குறியீடும் ஆளுக்கொரு விசைப்பலகையும் வைத்திருந்த காலத்தில், 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டித் ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தரப்படுத்தியதும், 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டதும் அரசின் செயல்களே. எந்த வணிக நிறுவனமும் தானாக முன்வந்து இதனைச் செய்திருக்காது.

நம் இயக்கத்தில் இது குறித்து இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. கணிப்பொறி மேல் சாதியாரின் கருவி, அதனால் நமக்குத் தீங்கே என்பது ஒன்று. கணிப்பொறிக்குச் சாதி தெரியாது, அது வந்துவிட்டால் சாதி தானே ஒழியும் என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கியபோது அச்சு இயந்திரத்தை எவர் சொத்து என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எடுத்துப் பயன்படுத்தினார். ஆனால் அச்சு இயந்திரத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இதழ் நடத்த அவருக்கு அரசின் தயவு தேவைப்படவில்லை. இன்றோ திரைக்குப் பின்னால் அமர்ந்திருப்பதே அரசுதான். கணிப்பொறிக்குச் சாதி தெரியாது என்பது உண்மையே. ஆனால் அது வைக்கப்பட்டிருக்கும் தெருவுக்குச் சாதி தெரியும்.

இதனை நான் வெறும் வாய்ச்சொல்லாகக் கூறவில்லை. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2001-ஆம் ஆண்டில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய கம்பியில்லாத் தொடர்பு முறையைக் கொண்டு, அங்குள்ள சிற்றூர்களில் இணைய மையங்கள் அமைக்கப்பட்டன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அதில் பங்கு கொண்டன. கண் மருத்துவம், வேளாண்மை ஆலோசனை, கணிப்பொறிப் பயிற்சி ஆகியவற்றோடு, சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடக்காமல் ஊரிலிருந்தபடியே விண்ணப்பிக்கும் வசதியும் ஏற்பட்டது. அன்றைய நாளில் இது ஓர் அதிசயம்.

மேலூர் என்றதும் உங்களுள் மூத்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அதே வட்டாரத்து மேலவளவில்தான், ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவியில் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பதவியை ஒதுக்கிய சட்டம் காகிதத்தில் இருந்தது. அந்தப் பதவிக்குரிய நாற்காலி இருந்த தெரு வேறாக இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே மண்ணில்தான் இணையம் வந்து இறங்கிற்று.

அந்த மையங்களை எவர் பயன்படுத்தினர் என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னர் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். ஓராண்டுக்கு மேலாகியும் ஊர்க் குடும்பங்களில் சிறு பகுதியினரே மையத்துக்கு வந்தனர். வந்தவர்களிலும் பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், ஓரளவு வசதி படைத்தவர்கள், முன்னேறிய சமூகங்களைச் சேர்ந்தவர்கள். இது நாம் எதிர்பார்த்ததுதானே என்பீர்கள். ஆனால் அதே ஆய்வு வேறொன்றையும் கண்டது. ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருக்கும் பகுதிக்கு அருகில் மையம் அமைந்த இடங்களிலும், அச்சமூகத்திலிருந்தே ஒருவர் முன்னின்று ஊக்கம் ஊட்டிய இடங்களிலும், நம் மக்கள் திரளாக வந்தார்கள். கருவி அதே கருவி. கட்டணம் அதே கட்டணம். சில நூறு அடி தூரமும், பெட்டிக்கு முன்னால் அமர்ந்திருந்த ஆளும்தான் மாறியிருந்தன.

இளைஞர்களே, இதை நன்கு எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு நாட்டமில்லை, நம் பெண்களுக்குக் கணிப்பொறி புரியாது என்று கூறுகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேண்டுமோ?

இன்னொரு செய்தியும் அதில் உண்டு. அந்த அரசுச் சேவைகள் நிலைக்கவில்லை. முயற்சியில் ஆர்வம் காட்டிய அலுவலர்கள் மாறுதலாகிச் சென்றபின், அனுப்பிய விண்ணப்பங்களை எடுத்துப் பார்ப்பார் இல்லை. சேவைகள் நின்றன, மையங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டுமல்லவா! ஒரு நல்ல அலுவலரின் உள்ளத்தில் மட்டும் குடியிருக்கும் திட்டம் அவரோடு பேருந்தேறிப் போய்விடும். அரசாணையாகவும் ஊழியர் பணியிடமாகவும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியாகவும் இருந்தால்தான் அது ஊரில் தங்கும்.

புதுச்சேரியில் 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாகக் கொண்டு சிற்றூர்த் தகவல் நிலையங்களை அமைத்தபோது, எந்தச் சாதியாரும் வந்து போகத் தடை இருக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே ஒரு நிபந்தனையாக வைத்தார்கள். ஊரார் இடம் தரலாம், ஆனால் அந்த இடம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்கு அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்ததைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. எனக்கோ அதைவிட இந்த நிபந்தனையே பெரிதாகத் தோன்றுகிறது. ஒரு தனியார் அறக்கட்டளையால் வைக்க முடிந்த நிபந்தனையை அரசு தன் ஒவ்வொரு மையத்துக்கும் வைப்பதில் என்ன தடை? தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஒளியிழைக் கம்பி கொண்டு செல்லும் திட்டம் எடுக்கப்பட்டிருக்கிறது. நல்லது. ஆனால் கம்பி போய் நிற்பது ஊராட்சி அலுவலகக் கட்டடத்தில். அதிலிருந்து குடியிருப்புக்கு, நம் காலனிக்கு, எவ்வளவு தூரம் என்று எந்தப் பதிவேட்டிலாவது குறிக்கிறார்களா என்பதே என் கேள்வி.

அரசு நினைத்தால் வீட்டு வாயிலுக்கே வர முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2020-இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் மாறிற்று. 2017-18-ஆம் ஆண்டு தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் ஊரகக் குடும்பங்களில் கணிப்பொறி இருந்தது நூற்றுக்கு 4.4 வீட்டில், இணைய வசதி இருந்தது 14.9 வீட்டில். ஒரே கைப்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றபின், மூன்று பிள்ளைகள் எதைப் பார்த்துப் படிப்பார்கள்? அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குடியிருப்புகளுக்கே வந்து மாலையில் பாடம் சொன்னார்கள். அதாவது, தொழில்நுட்பம் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப மனிதர்களைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

இனி உதவித்தொகைக்கு வருகிறேன். இவ்வரங்கில் உள்ள மாணவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டுகிறேன். பட்டியல் வகுப்பு மாணவருக்கான பள்ளி மேற்படிப்பு உதவித்தொகை 1944-இலிருந்து வழங்கப்படுவது. 2020 டிசம்பரில் மத்திய அரசு இதன் அமைப்பை மாற்றியது. செலவில் 60 விழுக்காடு மத்திய அரசுக்கும் 40 விழுக்காடு மாநில அரசுக்கும் உரியது என்றும், பணம் மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு நேரே செல்லும் என்றும் வகுத்தார்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. இடைத்தரகர் இல்லை, கசிவு இல்லை என்பது இதன் நியாயம். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. போலிப் பட்டியல் காட்டிப் பணம் எடுத்த கல்லூரிகள் நாட்டில் இருந்ததுண்டு.

ஆனால் நடப்பதைக் கேளுங்கள். நம் கழகத்தில் படித்த மாணவி ஒருத்தி. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து பெயருக்கு முன்னால். ஆதார் அட்டையில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமுள்ள வடபுலத்தாருக்காக வகுத்த படிவத்தில் நம் முதலெழுத்து எங்கே போய் உட்காரும்? பெயர் பொருந்தவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதைத் திருத்த இருமுறை நகரத்துக்குப் போனாள். இரண்டு நாள் கூலி தாய்க்குப் போயிற்று. பின்னர் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பணம் அனுப்பப்பட்டது என்று திரை சொல்லியது. கணக்கிலோ ஒரு காசும் இல்லை. கல்லூரியில் கட்டணம் கட்டாதவர் பட்டியலில் பெயரை ஒட்டிவிட்டார்கள். படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று வந்து நின்றாள். விசாரித்துப் பார்த்ததில், பள்ளி நாளில் வேறொரு வங்கியில் எவரோ திறந்து கொடுத்த கணக்கில் பணம் போய் விழுந்திருந்தது. ஒருவருக்கு எத்தனை கணக்குகள் இருந்தாலும், ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், தேசியப் பணப் பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் அவர் எண்ணுக்கு நேரே இறுதியாகக் குறிக்கப்பட்டிருக்கும் ஒரே வங்கிக்குத்தான் போகும். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும் அதனால் பயன் இல்லை. இதனை அவளுக்குக் கல்லூரியிலோ மையத்திலோ சொல்லியிருக்க வேண்டியவர் எவரும் சொல்லவில்லை. வங்கியில் ஒரு தாளைக் கொடுத்து மாற்றிக்கொள்ளக் கூடிய காரியத்துக்காக ஒரு பட்டப் படிப்பு நின்றுபோக இருந்தது.

2021-ஆம் ஆண்டு மத்திய அரசின் நெறிமுறைகளில், முன்பணம் கட்டாமலே சேர்வதற்குக் கட்டண விலக்கு அட்டை ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. உதவித்தொகை வந்தபின் கட்டணத்தைச் செலுத்தலாம் என்பது அதன் பொருள். இங்கிருப்பவர்களில் அதனை அறிந்தவர் கை தூக்குங்கள் என்று சற்று முன் மாணவர்களிடம் கேட்டேன். மூன்று கைகள் எழுந்தன. கொள்கை இருக்கிறது, நெறிமுறை இருக்கிறது, கணிப்பொறியும் இருக்கிறது. அதை அறிவிக்கும் வாய்தான் இல்லை. பழைய நாளில் எழுத்தர் விண்ணப்பத்தை மறுத்தால் அவர் முகத்தையாவது பார்த்துக் கேட்கலாம், மேலதிகாரியிடம் முறையிடலாம். இன்று திரை மறுக்கிறது. எவரிடம் முறையிடுவது? மறுப்புக்குக் காரணம் தமிழில் எழுதப்பட வேண்டும், அதற்குப் பொறுப்பான அலுவலரின் பதவியும் தொலைபேசி எண்ணும் அதன் கீழேயே இருக்க வேண்டும். இது பெரிய தொழில்நுட்பம் அன்று. எவரேனும் கட்டாயப்படுத்தினால் ஒரு வாரத்தில் முடியக்கூடிய வேலை.

நிலத்தைப் பற்றியும் இரண்டொரு சொல். ஆங்கிலேயர் காலத்தில், 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையின் விளைவாக நம் மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் வழங்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பஞ்சமி நிலங்கள் கைமாறிய கதை நீண்டது. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் 1979 முதல் 1987 வரை நடந்தபோது பல இடங்களில் நிபந்தனைக் குறிப்பே மறைந்து போயிற்று என்று நம் இயக்கங்கள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றன. அப்பதிவேடுதான் பின்னர் கணிப்பொறியில் ஏற்றப்பட்டது. இப்போது எவரும் வீட்டிலிருந்தே பட்டாவையும் அ-பதிவேட்டையும் பார்க்கலாம், வசதிதான். ஆனால் தவறான ஏட்டைக் கணிப்பொறியில் ஏற்றினால் தவறு திருந்துவதில்லை. அதற்கு முத்திரை விழுகிறது. பழைய ஒப்படைப் பதிவேடுகளையும் அதே இணையப் பக்கத்தில் ஏற்றுங்கள், இரண்டையும் நாங்களே ஒப்பிட்டுக் கொள்கிறோம் என்று கேட்பதில் என்ன தவறு? வெளிப்படைத்தன்மை என்று கொள்கையில் எழுதியிருப்பதற்கு அதுவன்றோ பொருள்?

வேலைவாய்ப்பைப் பற்றி நான் விரிவாகப் பேசப் போவதில்லை. அடுத்துப் பேசவிருக்கும் நண்பர் அதில் வல்லவர். ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அரசு நிலம் தந்தது, முத்திரைத் தீர்வையில் சலுகை தந்தது, கூடுதல் தளம் எழுப்ப அனுமதி தந்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இம்மாநிலத்தில் ஐவரில் ஒருவர் பட்டியல் வகுப்பினர். அந்த ஐவரில் ஒருவருக்கு அக்கட்டடங்களில் எத்தனை மேசைகள் கிடைத்தன என்று சலுகை பெற்றவர்களிடம் கணக்குக் கேட்கும் உரிமை சலுகை தந்தவருக்கு உண்டு. இடஒதுக்கீடு தனியார் துறைக்கு இல்லை என்பார்கள். இருக்கட்டும். கணக்குக் கேட்பதற்குமா சட்டம் இல்லை?

உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று அளித்த தீர்ப்பில், மின்னணு வழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று கூறியிருக்கிறது. அமில வீச்சினால் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்கள் வங்கியின் அடையாளச் சோதனையில், கண் சிமிட்டு என்று திரை கேட்டபோது சிமிட்ட முடியாமல் திருப்பி அனுப்பப்பட்ட வழக்கு அது. ஊரகத்தாரையும் ஏழைகளையும் விளிம்பில் இருப்போரையும் நீதிபதிகள் அதில் சேர்த்தே பேசியிருக்கிறார்கள். 1924-இல் தீர்மானமாக வந்தது இன்று தீர்ப்பாக வந்திருக்கிறது. சவுதார் குளத்துக்கு நடந்தவர்களைப் போல இதற்கும் எவரேனும் நடந்துதான் ஆக வேண்டும்.

நடப்பதற்கு நாம் என்ன செய்யலாம் என்று நேற்று மாலை செயற்குழுவினரோடு பேசிக்கொண்டிருந்தேன். கழகத்துப் படிப்பகத்தில் இரண்டு கணிப்பொறிகள் இருக்கின்றன. வரும் ஞாயிறு முதல், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயர், ஆதார்க் குறிப்பு, வங்கி இணைப்பு ஆகிய மூன்றையும் முன்னதாகவே சரிபார்த்துத் தருவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். மறுக்கப்பட்ட விண்ணப்பங்களையும், அவற்றுக்குத் திரை சொன்ன காரணங்களையும் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வைப்பார்கள். ஆறு திங்கள் கழித்து அக்குறிப்பேட்டின் படியை மாவட்ட ஆட்சியரிடமும் ஆதி திராவிடர் நல அலுவலரிடமும் நேரில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் மறுமொழி கேட்பது என்பது திட்டம். இதற்குக் கணிப்பொறி அறிந்த பத்துப் பேர் தேவை. பெண்கள் ஐவராவது இருக்க வேண்டும். தாய்மார்கள் தயக்கமின்றி வருவதற்கு அதுவே வழி. கூட்டம் முடிந்ததும் வாயிலருகே மேசையில் செயலாளர் அமர்ந்திருப்பார். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.